புளி போட்டுத் துலக்கிய தகடு

எனக்கு எழுபத்தாறு வயது நடக்கிறது. பெற்றது ஐந்து, செத்துப்போன தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டு, ஆக வளர்த்து ஆளாக்கியது ஏழு. ஏழு பேருக்கும் நெற்றியில் கை வைத்துப் பார்த்தே காய்ச்சல் எத்தனை நாளில் இறங்கும் என்று சொல்லுவேன். எழுத்துதான் வராது. என் பேரைப் போடுவேன். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். நான் சொல்லச் சொல்ல இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறவள் என் பேத்தி.

தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், வேலை வாங்குகிற கண்டக்டரோடு நான் போட்ட சண்டையைப் போன வாரம் படித்துவிட்டு, இந்த அம்மாவுக்கு மனசில் எந்த அழுக்கும் இல்லை என்று யாரோ கடிதம் எழுதியிருந்தார்களாம். பேத்தி வாசித்துக் காட்டினாள். பாவம், நல்ல மனுஷர். அவருக்காகவே இந்த வாரம் என் பொறாமையைச் சொல்கிறேன்.

ஆயுத பூசைக் காலை

நான் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நிற்கிறேன். எதிரே ஒரு பழைய ஆமி லொறி போனட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. என் கையில் ஊறவைத்த புளி. பக்கத்தில் ஒரு சிரட்டையில் செங்கல் தூள். மழை பெய்து ஓய்ந்த காலை. ஹல்துமுல்லைப் பக்கத்து மலைகளில் பனி இன்னும் எழும்பவில்லை. ஈரத் தகரமும் டீசலும் கலந்த வாசம்.

அது பல வருஷத்துக்கு முந்திய ஆயுத பூசை. ஃபெக்டரியில் மெஷின்களுக்குப் பூசை, எங்களுக்கு லொறிக்குப் பூசை. பித்தளையாக இருப்பதெல்லாம் பளபளக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். குத்துவிளக்கு, செம்பு, மணி எல்லாவற்றையும் விடியும் முன்பே துலக்கிவிட்டேன். மிச்சம் இருந்தது அந்த லொறியின் வயிற்றுக்குள், எஞ்சினுக்குப் பின்னால் நிற்கிற இரும்புச் சுவரில், நாலு ஆணி அடித்து வைத்த ஒரு பித்தளைத் தகடு. உள்ளங்கை அகலம் இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கமாகப் போனாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னாக்கா, காலங்காத்தால சக்களத்திக்குக் குளிப்பாட்டா?"

"ஆமாடி. ஒன் புருஷனுக்கும் ஒன்னு பாத்து வைக்கவா?"

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் துலக்கினேன். விளக்கைத் துலக்குவது போலத் துலக்கவில்லை. வேறு மாதிரித் துலக்கினேன். அது ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சும்மா

எங்கள் வீட்டுக்காரர் முப்பது வருஷம் தோட்டத்து லொறி ஓட்டினவர். அவர் பேரை நான் சொல்ல மாட்டேன், சொல்லிப் பழக்கமில்லை. தோட்டத்தில் எல்லாரும் 'டைவரண்ணே' என்பார்கள். வேலையிலிருந்து நின்ற பிறகு, ஒருநாள் பதுளைக்குப் போகிறேன் என்று போனவர் நாலு நாள் கழித்து ஒரு ஆமி லொறியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

ஆமிக்காரர்கள் ஓட்டி ஓட்டிக் களைத்துக் கழித்துவிட்ட லொறிகளை ஏலம் விடுவார்களாம். மொத்தமாக ஏலத்தில் எடுத்த இரும்புக்காரரிடமிருந்து இவர் ஒன்றை வாங்கியிருக்கிறார். இங்கிலாந்துக்காரன் செய்தது. நாலு சக்கரமும் இழுக்குமாம். இழுப்பதற்கு எஞ்சினில் உயிர்தான் இல்லை. தோட்டத்துப் பெரிய துரையிடம் கேட்டு, ஃபெக்டரிக்குக் கீழே சும்மா கிடந்த பழைய உர ஸ்டோரில் அதை விட்டார்.

லயத்து வீடுகளில் இருந்த எல்லாரும் வந்து பார்த்தார்கள். விறகு ஏற்றவா, வெலிமடைக்கு மரக்கறி ஏற்றப் போகவா, கல்லு மண்ணு அடிக்கவா என்று கேட்டார்கள். இவர் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்.

"சும்மா."

எங்கள் தோட்டத்தில் ஆடு வளர்த்தால் விற்பதற்கு. கோழி வளர்த்தால் முட்டைக்கு. ஒரு மனுஷன் அந்தப் பெரிய இரும்பை ஒன்றுக்கும் இல்லாமல் வைத்து வளர்ப்பது யாருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான்.

காலையில் தேத்தண்ணி குடித்ததும் ஸ்டோருக்குப் போவார். சாப்பிட வருவார். திரும்பப் போவார். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, குடைசாய்ந்து கிடந்த ஒரு தோட்டத்து லொறியின் டீசல் எஞ்சினை வாங்கிப் பொருத்தினார். அது உட்காராது என்று லொறியின் அடிச் சட்டத்தை வெட்டி, கூட்டி, வெல்டிங் வைத்தார். பின்னால் ஏற இரும்பு ஏணி செய்தார். கித்தான் கூரை போட்டார். முன்னால் தனித்தனியாக இருந்த இரண்டு இருக்கைகளை எடுத்துவிட்டு, சவுக்குப் பலகையில் ஒரே நீட்டாக ஒரு வாங்கு அடித்தார். அதில் மெத்தையாகப் போனது என் இலவம்பஞ்சுத் தலையணை.

நிறமும் மாற்ற வேண்டும். நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஆமிப் பச்சையில் ஒரு லொறியைத் தமிழ் ஆள் வைத்திருக்க முடியுமா? சுரண்டிச் சுரண்டி, இளநீலப் பெயின்ட் மூன்று தடவை அடித்தார். எங்கள் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அதைச் சொன்னபோது, சுவர் மழையில் நனையப் போகிறதா என்று கேட்டார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன். அந்தக் குரலைத்தான் பொறுக்க முடியவில்லை. எஞ்சின் கிளம்பாமல் இருமும்போது, ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு "இரு தாயி, இரு, அவசரமில்ல" என்பார். ஏழு பிள்ளைகளை வளர்த்த வீட்டில் எனக்கு ஒருநாளும் அந்தக் குரல் கிடைத்ததில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் "எங்க என் சாரம்?"தான்.

முன் இருக்கை

ஒரு பழைய விஷயத்தை இங்கே சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

கல்யாணமான புதிதில் இவர் ஓட்டும் லொறியில் அப்புத்தளைக்குப் போனேன். தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி. புதுப் பெண்ணல்லவா, புருஷன் பக்கத்தில் உட்காரலாம் என்று முன் கதவைத் திறந்தேன். உள்ளே ஒபிஸ் கிளாக்கர் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். தோட்டத்து லொறியில் முன் இருக்கை கிளாக்கருக்கு. அவர் இல்லாவிட்டால் டீமேக்கருக்கு. அவரும் இல்லாவிட்டால் கணக்கப்பிள்ளைக்கு. அதுதான் சட்டம். கூலிக்காரி பின்னால் பெட்டி மேல்தான்.

முப்பது வருஷம் நான் பெட்டி மேல்தான் போனேன். குளிரில் காது அடைத்துக்கொள்ளும். முன்னால் இவர் தலை கண்ணாடி வழியாகத் தெரியும். பக்கத்தில் எந்தக் காலமும் வேறு யாராவது ஒருவர் தலை.

ஆமி லொறிக்கு அந்த வாங்கை அடித்து முடித்த அன்று இவர் சொன்னார்: "லைசன் கெடைச்சதும் எல்லாரையும் ஏத்திக்கிட்டுக் கதிர்காமம் போறோம். முன்னால நீதான்."

எனக்குச் சந்தோஷம்தான். காட்டிக்கொள்ளவில்லை. வாங்கைப் பார்த்தேன். மூன்று பேர் உட்காரலாம்.

"மூணாவது எடம் யாருக்கு?" என்று கேட்டேன்.

"சும்மா. யாராவது வந்தா."

அந்த 'யாராவது' என் மனசில் முள்ளாய்ப் போய் உட்கார்ந்தது. ஏனென்றால் அதற்குள் சீலாவதி வந்துவிட்டாள்.

பெரகலைக் கடை

பெரகலைச் சந்தியில் லொறிச் சாமான் விற்கிற கடை ஒன்று இருந்தது. அதை நடத்தியவள் சீலாவதி. சிங்கள மனுஷி, என்னைவிட ஏழெட்டு வயது குறைவு. புருஷன் போன பிறகு கடையை அவளே பார்த்துக்கொண்டாள். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, பின்னால் பெரிய கொண்டை, விரல் நகத்தில் எப்போதும் ஒரு கோடு கிரீஸ். தமிழ் நன்றாகப் பேசுவாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெயாரிங்கைக் கையில் உருட்டிப் பார்த்தே எந்த லொறிக்கு என்று சொல்லுவாளாம். இவர் வாயைப் பிளந்துகொண்டு வந்து சொன்னார்.

நானும் கண்ணை மூடிக்கொண்டு கொழுந்தைத் தொட்டு, இலை முற்றினதா இளசா என்று சொல்லுவேன். அதற்கு யாரும் வாயைப் பிளந்ததில்லை.

அந்த லொறிக்கு இங்கிலீஷில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. சீலாவதிக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பெரகலைக்குப் போவார். அவள் வாசித்துத் தமிழில் சொல்லுவாளாம், இவர் கேட்டுக்கொண்டிருப்பாராம். திரும்பி வந்து சோற்றில் கை வைத்ததும் ஆரம்பிப்பார். பிரேக் ரப்பரை எண்ணெயில் ஊறவைக்கக் கூடாதென்று சீலாவதி சொன்னா. கியர் பெட்டிக்குத் தடித்த எண்ணெய்தான் என்று சீலாவதி சொன்னா. ஸ்பிரிங் பட்டைக்கு நடுவில் கிரீஸ் வைக்கச் சீலாவதி சொன்னா.

"கொழம்புக்கு உப்பு பத்தலேன்னு சீலாவதி சொன்னாளா?" என்று ஒருநாள் கேட்டேன்.

இவர் ருசி பார்த்துவிட்டு, "பத்தலதான்" என்றார்.

தப்பு நடந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படி எதுவும் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனாலும் ஒரு புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதை எழுத்துத் தெரியாதவள் நினைத்துப் பார்க்கிறபோது வருகிற வயிற்றெரிச்சல் இருக்கிறதே, அதற்குத் தப்பு நடக்க வேண்டியதில்லை.

ஒரு தாள்

ஆடி மாசம் ஒரு ஞாயிறு சீலாவதியே எங்கள் தோட்டத்துக்கு வந்தாள். வெள்ளைச் சேலை, குடை, கைப்பை. நான் தேத்தண்ணி ஊற்றினேன். அவள் வந்ததைப் பார்க்கவென்றே அன்றைக்குப் பாக்கியம் மூன்று தடவை தண்ணீருக்குப் போனாள்.

பிரேக்குக்கு ஏதோ சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும். லொறி எந்த வகை, எந்த நம்பர் என்று பிசகில்லாமல் தெரிந்தால்தான் சரியானது வரும். அதற்கு அவர்களிடம் ஒரு வழி உண்டு. நம்பர் வெட்டிய தகட்டின் மேல் வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பார்கள். தகட்டில் இருப்பதெல்லாம் அப்படியே தாளில் எழும்பி வந்துவிடும். கையால் எழுதினால் பிழை வரலாம், இதில் வராது.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு நான் கண்டது இதுதான். சீலாவதி சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு பம்பர் மேல் ஏறினாள். இவர் பக்கத்தில் ஏறினார். இரண்டு பேர் தலையும் போனட்டுக்குள் போய்விட்டது. வெளியே தெரிந்தது இரண்டு முதுகுகள். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். பிறகு இன்னொரு சிரிப்பு. இவர் சிரிப்பு.

கீழே இறங்கி, தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு மடித்த தாளைக் கண்டாலே சந்தேகம்.

அவள் போன பிறகு கேட்டேன். "என்ன எழுதுனா?"

"எழுதல. தேச்சா."

"எதுக்குச் சிரிச்சீங்க?"

"பென்சில் மொன ஒடஞ்சிருச்சு."

பென்சில் முனை உடைந்தால் சிரிப்பு வருமா? பேத்தியிடம் கேட்டேன். வராது என்கிறாள்.

கற்பூரம்

அந்த வாரம் நான் சமைத்தேன், பரிமாறினேன், பேசவில்லை. வெள்ளிக்கிழமை லயத்து மாரியம்மன் கோயிலுக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தட்டில் கற்பூரத்தை ஏற்றினேன்.

"இனிமே அந்தக் கடப் படியில கால் வைக்க மாட்டேன்னு அடிங்க."

எங்கள் பக்கத்தில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சில்லை. இவர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி. கற்பூரம் அணைந்தது.

அதன் பிறகு அந்தப் பிரேக் சாமானிலிருந்து ஒரு போல்ட் வரை எல்லாவற்றுக்கும் பதுளைக்குப் போனார். அரை நாள் பஸ்ஸில் போகும். புத்தகம் பரண் மேல் ஏறிவிட்டது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கும்போது, ஏதோ கேட்க நினைத்தவர் போல நிமிர்ந்து பக்கத்தில் பார்ப்பார். அங்கே நான் நின்றுகொண்டிருப்பேன். திரும்பவும் குனிந்துகொள்வார்.

சந்தனக் கிண்ணம்

இப்போது ஆயுத பூசைக் காலைக்கு வருகிறேன்.

நான் ஏன் அப்படித் துலக்கினேன் என்று தெரிந்திருக்கும். அது அவள் கை பட்ட இடம். அவள் தாளை வைத்துத் தடவின இடம். புளியைப் போட்டு, செங்கல் தூளைப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன். கறுப்பு போனது. இன்னும் தேய்த்தேன். அதில் எழுத்து இருந்தது எனக்குத் தெரியும். லேசாக வெட்டியிருந்த எழுத்து, ஆமிக்காரன் காலத்திலேயே பாதி தேய்ந்து போயிருந்தது. மீதி அழுக்கோடு அழுக்காக என் கையில் வந்தது. தகடு குத்துவிளக்குப் போல மின்னியது. என் முகம் அதில் மஞ்சளாகத் தெரிந்தது. மனசு குளிர்ந்துவிட்டது.

பூசைக்குப் பத்துப் பேர் வந்திருந்தார்கள். லொறிக்குச் செவ்வந்தி மாலை. நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். இவர் குளித்து, வேட்டி கட்டி, சந்தனக் கிண்ணத்தோடு பம்பர் மேல் ஏறினார். எஞ்சினுக்கு மூன்று விரலால் பட்டை போட்டார். ரேடியேட்டருக்குப் போட்டார். தகட்டுக்குப் போகிற விரல் நடுவில் நின்றுவிட்டது.

கிட்டப் போய்ப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சந்தனம் விரலிலிருந்து எஞ்சின் மேல் சொட்டியது.

"யாரு தொலக்குனது?"

"நாந்தான். பூசைக்கு."

நான் அடிக்குக் காத்திருந்தேன். ஒரு பேச்சுக்காவது காத்திருந்தேன். அவர் மெதுவாக இறங்கி, நான் கவிழ்த்துப் போட்ட தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டார். பாக்கியம்தான் என்னண்ணே, என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"ஒன்னுமில்ல. அவளுக்கு என்னா தெரியும், பாவம். வெளக்குன்னு நெனச்சிட்டா."

பத்துப் பேர் முன்னால் 'பாவம்' என்றார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். 'பாவம்' என்றதும் எனக்குக் கண்ணீரும் வரவில்லை.

லொறி இருக்கு, நம்பர் இல்லை

என்ன ஆனது என்று அன்று சாயங்காலம்தான் சொன்னார். லைசன் எடுக்க அடுத்த புதன்கிழமை லொறியைப் பதுளைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஏலக் கடிதத்தில் ஒரு நம்பர் இருக்கிறது. அதே நம்பர் லொறியிலும் இருக்க வேண்டும். அடிச் சட்டத்தில் வெட்டியிருந்ததைத் துரு தின்றுவிட்டது, கடைசி மூன்று எழுத்துதான் மிச்சம். முழு நம்பர் இருந்தது அந்தத் தகட்டில் மட்டும்.

"நம்பரச் சொரண்டுன ஆமி லொறி. வச்சிருக்கிறவன் தமிழ் ஆளு. என்ன கேப்பாங்கன்னு ஒனக்கே தெரியும்."

தெரியும். அந்த வருஷங்களில் அடையாள அட்டையை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன பையன்களே இரண்டு நாள் கழித்துத்தான் வீடு திரும்புவார்கள். லொறி போனால் போகட்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். லொறி மட்டும் போகாது. அதோடு இவரும் போவார்.

"அன்னைக்குத் தேச்ச தாளு?" என்று கேட்டேன்.

"கொழும்புக்குப் போயிருக்கும். இருந்தா அங்கதான் இருக்கும்." பெரகலைப் பக்கம் தலையை ஆட்டினார். "நான் போக முடியாது. கற்பூரம் அடிச்சாச்சு."

சத்தியத்தை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். சாமிக்கு முன்னால் போட்டதை அடுப்படியில் வைத்து எடுக்க முடியாது என்றார். பையன்கள் கொழும்பில். பாக்கியத்தை அனுப்பலாம், அனுப்பினால் அவள் திரும்பி வருவதற்குள் கதை மேல் டிவிஷன் வரை போய்விடும்.

நானேதான் போக வேண்டும்.

அந்தப் படி

மறுநாள் பூசைக் கடலையும் அவலும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பெரகலையில் இறங்கியபோது காற்று சேலையைப் பிடுங்கியது. பனியில் எதிர்க் கடை தெரியவில்லை. போர்டு எல்லாம் சிங்களத்தில். டயர் தொங்குகிற கடை என்று இவர் சொல்லக் கேட்டிருந்ததை வைத்துக் கண்டுபிடித்தேன்.

படிக்குக் கீழே நின்றுகொண்டேன். மூன்று படி. சீலாவதி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அக்கே, நீங்களா? வாங்க, மேல வாங்க. உங்க மாத்தயா ஏன் வாறதே இல்ல? ரெண்டு மாசமாச்சு. நான் ஏதும் பிழையா சொல்லிட்டேனா?"

பொய் சொல்லியிருக்கலாம். வரும் வழியெல்லாம் மூன்று பொய் தயார் செய்து வைத்திருந்தேன்.

"நாந்தான் வர வேணாம்னேன்," என்றேன். "இந்தப் படி ஏறக் கூடாதுன்னு கற்பூரம் அடிக்க வச்சேன்."

அவள் கிரீஸ் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். நான் மிச்சத்தையும் சொன்னேன். புளி, செங்கல் தூள், புதன்கிழமை. விளக்கு என்று நினைத்துத் துலக்கவில்லை என்பதையும் சொன்னேன். வீட்டுக்காரரிடம் சொல்லாததை அவளிடம் ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

உள்ளே போனாள். நான் படிக்குக் கீழேயே நின்றேன். அவள் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்று விரித்தாள்.

"ரெண்டு எடுத்தேன் அக்கே. மொதலாவதில பென்சில் மொன ஒடஞ்சு கோணலா வந்திருச்சு. நல்லது கொழும்புக்குப் போச்சு. இது மத்தது."

சாம்பல் நிறத்தில் தகடு அப்படியே இருந்தது. நாலு ஆணி. உடைந்த ஒரு மூலை. நடுவில் வரிசையாக எழுத்து. கீழே ஒரு இடத்தில் பென்சில் சறுக்கிக் கறுப்பாய் ஒரு கோடு. முனை உடைந்தது நிஜம்தான்.

நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"தாறேன். ஆனா எனக்கு ஒன்னு வேணும்."

"என்ன?"

"இருவத்தஞ்சு வருஷமா லொறிச் சாமான் விக்கிறேன். எங்க மாத்தயாட்டயும் லொறி இருந்திச்சு. முன் சீட்டில சாமான் பெட்டிதான் போகும், நான் இல்ல. உங்க லொறி ரெடியானா முன்னால ஏறி ஒருதரம் போகணும். கதிர்காமம் போறதுன்னு மாத்தயா சொன்னார்தானே?"

என் முன் இருக்கை. முப்பது வருஷம் பெட்டி மேல் உட்கார்ந்து காத்திருந்த இடம். அந்த நேரம் அவள் வேறு எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். என் காதுத் தோட்டைக் கேட்டிருந்தால்கூடக் கழற்றியிருப்பேன்.

பனிக்குள் ஏதோ ஒரு லொறி சங்கு ஊதிக்கொண்டு போனது. நான் மூன்று படியையும் ஏறினேன். கடலை டப்பாவை அவள் மேசையில் வைத்தேன்.

"சரி. ஏறிக்க," என்றேன்.

தாளை எடுத்துக் கொடுத்தாள். அவல் இனிப்புப் போதாது என்று சொல்லிவிட்டு முழுவதையும் தின்றாள்.

பதுளை

புதன்கிழமை நானும் போனேன். பார்க்க வந்த ஐயா சிங்களத்தில் கேட்டார், இவர் சிங்களத்தில் சொன்னார். ஐயா முகம் முதலில் நன்றாக இல்லை. தகட்டைக் கையால் தடவிப் பார்த்தார். இரண்டாம் தடவை ஏலக் கடிதத்தைப் பார்த்தார். யார் செய்தது என்று தமிழில் கேட்டபோது நான் முன்னால் போய் நின்றேன்.

"நாந்தாங்க. எழுத்துத் தெரியாதவ. புளி போட்டுத் தொலக்கிட்டேன்."

பத்துப் பேர் முன்னால் கேட்டு வெந்துபோன அந்தப் 'பாவம்' என்ற பட்டத்தை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். தாளை நீட்டினேன். அதன் ஓரத்தில் சீலாவதியின் கடை முத்திரையும் தேதியும் இருந்தன. அவர் தாளைத் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தார். ஆணிக்கு ஆணி, உடைந்த மூலைக்கு உடைந்த மூலை சரியாக உட்கார்ந்தது. குனிந்து அடிச் சட்டத்தில் மிஞ்சிய மூன்று எழுத்தை விரலால் தடவினார். தாளின் கடைசி மூன்றோடு ஒத்துப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

வெளியே வந்ததும் இவர் லொறி போனட்டை இழுத்து மூடினார்.

"பெரகலைக்கு நீயா போனே?" என்று கேட்டார்.

"வேற யாரு?"

நடு இடம்

தை பிறந்து, பாதை காய்ந்ததும் கதிர்காமம் கிளம்பினோம். பின்னால் பிள்ளைகள், மருமக்கள், பாக்கியம் குடும்பம், சோற்று மூட்டை. முன்னால் இவரும் நானும். ஹல்துமுல்லையிலிருந்து பெரகலை வரைக்கும் எனக்கு ஜன்னல் பக்கம். அவ்வளவு உயரத்திலிருந்து அந்தப் பாதையை நான் பார்த்ததே இல்லை. டீமேக்கர் எதிரே சைக்கிளில் வந்தார். தலையை ஆட்டினேன். இறங்கி நின்று பார்த்தார்.

பெரகலையில் இவர் லொறியை நடுப் பாதையிலேயே நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவுமில்லை, இறங்கவுமில்லை. சத்தியம் சத்தியம்தான். சீலாவதி வெள்ளைச் சேலையில் படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்தேன்.

நியாயமாக நான் இறங்கி அவளை உள்ளே விட்டு, ஜன்னல் ஓரத்தில் ஏறியிருக்கலாம். அப்படிச் செய்தால் அவர் பக்கத்தில் அவள் உட்காருவாள். நான் இறங்கவில்லை. நடுவே நகர்ந்தேன். அவள் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

பெரகலையிலிருந்து வெல்லவாய வரை எத்தனை வளைவு என்று யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் கியர்க் கம்பி என் முழங்காலை இடித்தது. இடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினால் இவர் என் தலைக்கு மேலாக ஏதோ கேட்பார், அவள் என் தலைக்கு மேலாகப் பதில் சொல்லுவாள். தியலும அருவி வந்தபோது சீலாவதி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். அருவியை அவள் பார்த்தாள். நான் பார்த்தது அவள் கொண்டையை.

பொறாமை அன்றோடு போய்விட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். போகவில்லை. அதற்குப் பிறகு வருஷா வருஷம் போனோம். சமாதானம் என்று பேசிக்கொண்ட வருஷங்களில் மட்டக்களப்பு வரைக்கும் போனோம். ஒவ்வொரு தடவையும் சீலாவதிக்கு ஜன்னல், எனக்குக் கியர்க் கம்பி. இவர் கண்ணை மூடின அன்று முதல் பஸ்ஸில் வந்து இறங்கினவளும் அவள்தான். என்னைவிட அதிகமாக அழுதாள். அதையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

லொறி இன்னும் உர ஸ்டோரில் நிற்கிறது. மூத்தவன் மாசத்துக்கு ஒருதரம் வந்து எஞ்சினைக் கிளப்பிவிட்டுப் போகிறான். ஆயுத பூசைக்கு அந்தத் தகட்டை நான்தான் புளி போட்டுத் துலக்குகிறேன். இனி அதில் அழிய ஒன்றுமில்லை.

இவ்வளவுதான். எழுதினதைப் படி என்று பேத்தியிடம் சொன்னேன். படித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டேன். சீலாவதி, சீலாவதி என்று வந்துகொண்டே இருந்தது. இரண்டு கை விரலும் போதவில்லை.

"எம்பேரு எங்க வருது?" என்று கேட்டேன்.

தேடிப் பார்த்தாள். "எங்கயும் இல்ல அப்பாயி. மேல தலைப்புக்குக் கீழ அவங்க போடுவாங்க."

மேலே போடுவது பத்திரிகைக்காரர் பாடு. உள்ளே இருக்க வேண்டாமா?

"எழுதிக்க: கதிர்காமம் போன லொறியில நடுவுல ஒக்காந்திருந்தவ பேரு பேச்சியாயி. எழுதிட்டியா? இப்ப மொதல்ல இருந்து படி. அந்தப் பேரு வரும்போது கொஞ்சம் சத்தமாப் படி."